கடல் கடந்த நிகாஹும் கடவுச்சீட்டும்

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் (1796–1854), 'ஹிகாயத் அப்துல்லாஹ்' என்னும் தன்வரலாற்று நூலைத் தம் முன்னோர் பற்றிய குறிப்போடு தொடங்குகிறார். 1843இல் எழுதி முடிக்கப்பெற்று, 1849இல் சிங்கப்பூரில் அச்சேறிய அந்நூலின் முதற்பகுதியிலேயே நாகூர் என்னும் பெயர் வந்துவிடுகிறது. அவருடைய பாட்டனாரின் தந்தை ஷெய்கு அப்துல் காதிர், யமன் நாட்டு அறபியர். மார்க்கமும் மொழியும் கற்பித்தவர். கீழ்த்திசை நோக்கிப் பயணப்பட்ட அவர் நாகூரில் தங்கி, ஊராருக்கு ஓதிக்கொடுத்து, அங்கேயே மணம் புரிந்து நான்கு ஆண்மக்களைப் பெற்றார். அவருடைய மறைவுக்குப் பின் மக்களுள் மூவர் ஜாவாப் பக்கம் சென்றனர். முஹம்மது இப்ராஹீம் என்பார் மலாக்காவில் இறங்கி, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அப்பெண்ணின் பெயரை நாம் பெரியாச்சி என்று படிக்கலாம். அம்மணத்தில் பிறந்த அப்துல் காதிரின் மகனே முன்ஷி அப்துல்லாஹ்.

யமன், நாகூர், மலாக்கா என மூன்று கரைகளைத் தொட்ட இம்மணவுறவுகளுக்கு எந்த அரசின் இசைவும் வேண்டப்படவில்லை. வலீ இருந்தார், இரு சாட்சிகள் இருந்தனர், மஹர் பேசப்பட்டது, நிகாஹ் நிறைவேறியது. இன்றும் நாகூர்ப் பெண்ணொருத்தியைக் கோலாலம்பூர்வாசி ஒருவர் மணக்க முன்வந்தால் அதே வலீ, அதே சாட்சிகள், அதே மஹர்தான். நிகாஹ் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஆயின் அவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கு மேலும் ஓர் உடன்படிக்கை வேண்டும். அது அவர்களுக்கும் இரண்டு அரசுகளுக்கும் இடையிலானது. இவ்விரண்டாம் உடன்படிக்கை நம் மணவாழ்வினுள் எவ்வாறு புகுந்தது, அதனால் துன்புறுவோர் யாவர், அதில் நம் ஜமாஅத்துகள் செய்யத்தக்கது யாது என்பவற்றையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

தொலைவிலிருக்கும் இருவருக்கிடையே மணம் நிகழ்வது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. அபூசுஃப்யானின் மகளார் உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் அபிசீனியாவில் கணவரை இழந்து தனித்திருந்த காலத்தில், நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்து அம்ரு இப்னு உமைய்யா (ரலி) வாயிலாகச் செய்தி அனுப்பினார்கள். பெண் சார்பில் காலித் இப்னு ஸயீத் (ரலி) வகீலாக நின்றார்கள். மன்னர் நஜ்ஜாஷி தம் கருவூலத்திலிருந்தே மஹரைக் கொடுத்தார். அது நானூறு தீனார் என்பது பெருவழக்கான அறிவிப்பு. மணமகள் மதீனா வந்து சேர்ந்தது அதன் பின்னரே. இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. மணம் பேசியதோடு அப்பணி முடிந்துவிடவில்லை. அவர்களைப் பாதுகாப்பாக அனுப்பிவைக்கும் பொறுப்பையும் அம்மன்னரே ஏற்றார். நிகாஹும் பயணமும் ஒன்றாகவே கருதப்பட்டன.

நாகூருக்கு வருவோம். காவிரியின் கிளையாறுகள் கடலோடு கலக்கும் நெல்வள நாட்டின் விளிம்பில், நாகப்பட்டினத்திற்கு வடக்கே அமைந்த ஊர் இது. உள்நாட்டார் வயலைப் பார்த்து வாழ்ந்தனரென்றால், நாகூரார் கடலைப் பார்த்து வாழ்ந்தனர். ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களைக் கடற்பயணிகளின் காவலராகக் கொண்டாடும் மரபு கப்பலேறி அக்கரைக்கும் போயிற்று. பினாங்கின் சூலியா தெருவில் அவர்கள் பெயரால் ஒரு நினைவிடம் எழுந்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் மற்றொன்று கட்டப்பட்டது. ஜார்ஜ் டவுனில் நாகூர் சாலை என்றே ஒரு வீதியும் உண்டு. நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தியதும் இத்தொடர்பின் விளைவே. வெளிநாட்டுப் பயணத்தைச் 'சபர்' என்றும், சென்று பொருளீட்டி வருபவரைச் 'சபுராளி' என்றும் இவ்வூர் வழங்கும். சபர் என்ற அறபுச் சொல்லுக்கு வெறும் பயணம் என்றுதான் பொருள். நாகூரில் அது ஒரு தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது.

சபுராளிகள் அக்கரையிலும் மணம் புரிந்தனர். மலாய்ப் பெண்டிரோடு செய்துகொண்ட அம்மணங்களின் வழித்தோன்றல்கள் ஜாவி பெரானாக்கான் என்றும், பினாங்கில் ஜாவி பெக்கான் என்றும் அழைக்கப்பெற்றனர். அறபு எழுத்தில் அச்சான முதல் மலாய்ச் செய்தித்தாள் 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்தபோது அதன் பெயரே 'ஜாவி பெரானாக்கான்' என்பதாகும். இரு மொழியும் இரு நாட்டு வழக்கமும் அறிந்த அச்சமூகம் மலாய் மொழிக்கு ஆற்றிய பணி சிறிதன்று.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமென்று எழுதிவிட நம் மனம் இடந்தரவில்லை. ஓலைப்பந்தலின் கீழ் மணமாகி, ஓராண்டுக்குள் கணவரைக் கப்பலேற்றிவிட்டு, அவர் அனுப்பும் கடிதத்தையும் உண்டியல் பணத்தையும் எதிர்நோக்கியே இளமையைக் கழித்த பெண்டிர் இக்கரையில் இருந்தனர். 'அங்கே ஒரு குடும்பம் இருக்கிறதாம்' என்று பத்தாண்டு கழித்து யாரோ சொல்லக் கேட்டவர்களும் உண்டு. அக்கரையிலும் கதை வேறன்று. ஊருக்குப் போய்வருகிறேன் என்று புறப்பட்டவர் திரும்பாமற்போன வீடுகள் அங்கும் இருந்தன. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் காழியாக இருந்த இப்னு பதூதா, கப்பல் வந்து தங்கும் நாட்களில் மாலுமிகள் மணம் செய்துகொள்வதையும், புறப்படும்போது மணவிலக்குச் சொல்லிவிட்டுப் போவதையும், அத்தீவுப் பெண்கள் தம் நாட்டை விட்டு வெளியேறுவதில்லை என்பதையும் தயக்கமின்றிப் பதிவு செய்கிறார். தாமும் அவ்வாறே செய்தார். நம் காலத்தில் மலபாரில் 'அறபிக் கல்யாணம்' என்று பேசப்பட்டதும் அதன் நீட்சியே. எல்லைக்கோடு இல்லாத உலகில் சேர்ந்திருப்பது எளிதாக இருந்தது. கைவிடுவதும் எளிதாகவே இருந்தது.

நம் கடற்கரை மரைக்காயர் ஊர்கள் பலவற்றில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மணமகன் அவ்வீட்டில் குடியேறும் வழக்கம் நிலைபெற்றதற்கு இதுவே காரணம் எனக் கருத இடமுண்டு. கணவர் ஆண்டுக்கணக்கில் கடல்கடந்திருக்கையில், பெண் தன் தாயின் நிழலில் தன் சொந்தக் கூரையின் கீழ் இருப்பது பெருங்காப்பு. பின்னாளில் அதுவே 'வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை' என்னும் சுமையாகத் திரிந்தது வேறு கதை.

கணவரின் நீண்ட பிரிவைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் நிறையவே பேசுகின்றன. இரவில் நகர்வலம் வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், போர்முனையில் இருக்கும் கணவரை நினைந்து வருந்திய பெண்ணின் குரலைக் கேட்டு, 'ஒரு பெண் எத்துணைக் காலம் பொறுத்திருப்பாள்?' எனத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவி, படைவீரர்களின் பணிக்காலத்திற்கு வரம்பு கட்டினார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. அக்காலத்தை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் கூறுகின்றன. ஓர் ஆட்சியாளர் தம் ஆணையால் பிரிக்கப்பட்ட தம்பதியரின் துயருக்குத் தாமே பொறுப்பென்று உணர்ந்தார் என்பதே இதில் நாம் காணும் பாடம். கணவன் இருக்குமிடமே தெரியாமற்போனால் அவன் 'மஃப்கூத்' எனப்படுவான். அவனுடைய வயதொத்தவர் அனைவரும் இறக்கும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பு. ஷாஃபியீ மத்ஹபில் நான்காண்டு என்னும் பழைய கருத்தும், மரணம் உறுதிப்படும்வரை என்னும் புதிய கருத்தும் உண்டு. மாலிக்கீ மத்ஹபின் நான்காண்டுத் தீர்ப்பை மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி முதலிய அறிஞர்கள் எடுத்துக்காட்டி வழிதிறந்ததன் பயனாகவே, 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் பிறந்தது. நான்காண்டு செய்தியின்மை, ஈராண்டு ஜீவனாம்சமின்மை, தக்க காரணமின்றி மூன்றாண்டு இல்லறக் கடமையை நிறைவேற்றாமை ஆகியவற்றை அச்சட்டம் மணமுறிவுக்குரிய காரணங்களாக வைத்திருக்கிறது. சபுராளி ஊர்களின் பெண்டிர் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது. அறிந்தவர் குறைவு.

இனி எல்லைக்கோட்டின் கதை. வங்கக்கடலின் இரு கரையும் ஒரே பேரரசின் கீழிருந்தவரை, நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் பினாங்கில் இறங்குவதற்குச் சீட்டுக் காசும் உடல்நலச் சோதனையும் ஏறத்தாழப் போதுமானவையாக இருந்தன. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நம் பெரியவர்களின் பேச்சில் இன்றும் ஒரு வாகனத்தின் பெயராக அன்றி ஒரு காலத்தின் பெயராகவே வழங்கிவருகிறது. 1952இல் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் முதல் நாள் மலாயாவில் நடப்புக்கு வந்ததும், புதிதாகச் செல்வோருக்குக் கதவு ஒருக்களித்தது. அங்கு வாழ்வோரின் மனைவி மக்களுக்கு மட்டும் வழி திறந்திருந்தது. 1959இல் அதுவும் சுருங்கிற்று. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவியருக்கு இனி நுழைவு இல்லை என்று விதிக்கப்பட்டது.

இவ்விதியைச் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். மனைவியை ஊரில் விட்டு, இரண்டு மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்துபோவதே சபுராளியின் வாழ்முறை. அவ்வாழ்முறையையே அச்சட்டம் மணவுறவு இல்லாமைக்குச் சான்றாகக் கொண்டது. மரபு எதைப் பொறுமை என்று பாராட்டியதோ, அதைப் புதிய அரசு புறக்கணிப்பு என்று படித்தது. இன்றைய விசா அதிகாரிகள் 'நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று யாது?' என்று கேட்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. பின்னர் 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை பெறாது சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்களை வேலை அனுமதி கேட்டு நிற்கவைத்தது. பலர் ஊர் திரும்பினர். மலேசியாவில் மணந்த மனைவியரை அங்கேயே விட்டுவந்தவர்களும் அவருள் இருந்தனர். ரஜூலா 1973இல் ஓய்வுபெற்றது; எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு பயணிகள் கப்பலின் காலமே முடிந்தது.

வெளிநாட்டு மணம் என்றவுடன் கடலைத்தான் கடக்க வேண்டும் என்பதில்லை. நாகூருக்கு வடக்கே கூப்பிடு தொலைவில் வாஞ்சூர் இருக்கிறது. அதற்கப்பால் காரைக்கால், 1954 நவம்பர் முதல் நாள்வரை அது பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மண். நாகூர் வீட்டுப் பெண் காரைக்கால் மாப்பிள்ளையை மணந்தால், அவள் ஒரு பேரரசிலிருந்து மற்றொன்றுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று பொருள். காரைக்கால் முஸ்லிம்கள் பலர் சைகோன் சென்று வணிகம் செய்து, அங்கு வியட்நாமியப் பெண்களை மணந்து, 1935இல் அந்நகரில் பள்ளிவாசலும் கட்டினர். 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு நிகழ்ந்தபோது, ஆறு மாத காலத்திற்குள் விருப்பம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர். ஒரே தெருவில் ஒரு வீட்டார் இந்தியராகவும் எதிர்வீட்டார் பிரெஞ்சியராகவும் ஆனது இவ்வாறே. அக்குடியுரிமையுடைய மணமகளுக்கு வரதட்சிணை கேளாமல் மாப்பிள்ளை கிடைக்கும் விந்தையையும் நாம் காண்கிறோம்! புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் முன்கூட்டியே அறிவித்துச் சான்று பெற்றும், பின்னர் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றியும் வைக்காத நிகாஹ், பாரிசில் பயன்படுவதில்லை. பலதார மணத்தில் இரண்டாம் மனைவிக்கு 1993க்குப் பின் அங்கு வதிவுரிமையும் இல்லை.

இன்றைய நிலையை நாடுவாரியாகச் சொல்வதினும், எங்கே சிக்கல் விழுகிறது என்று சொல்வதே பயனுடைத்து. மலேசியரை மணக்கும் நம் பெண்ணுக்கு முதலில் கிடைப்பது நீண்டகாலச் சமூக வருகை அனுமதி. அதனைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கணவரின் பொறுப்பேற்பு வேண்டும். கணவர் கையெழுத்திட மறுத்தால் அவள் அந்நாட்டில் தங்கும் தகுதியே ஆட்டங்காணும். மணவுறவில் எழும் சிறு பிணக்கும் நாடுகடத்தும் அச்சமாக மாறுவது இதனால்தான். வேலை பார்ப்பதற்குத் தனி அனுமதி பெறவேண்டும். மனைவிக்குக் குடியுரிமை கோர அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு வழிதந்தது; மலேசியப் பெண்ணை மணக்கும் நாகூர் ஆணுக்கு அவ்வழி இல்லை. மலேசியத் தாய் வெளிநாட்டில் ஈன்ற குழந்தைக்குத் தானாகவே குடியுரிமை கிடைக்காதிருந்த நிலையை மாற்றும் திருத்தத்தை அந்நாட்டு மக்களவை 2024 அக்டோபரில்தான் நிறைவேற்றியது.

இவையனைத்தினும் கொடியது பதிவு செய்யப்படாத நிகாஹின் விளைவு. கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம், வெளிநாட்டில் நிகாஹ் செய்துகொண்டவர் ஆறு மாதங்களுக்குள் அண்மையிலுள்ள மலேசியத் தூதரகத்தில் பதிவுக்குரிய பணியைத் தொடங்கவேண்டும் என்கிறது. நாகூரில் மணம், சென்னையிலுள்ள துணைத்தூதரகத்திற்குச் செல்ல நேரமில்லை, பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் கோலாலம்பூரில் குழந்தை பிறக்கிறது. மணத்திற்குச் சான்றில்லையெனில், அக்குழந்தை அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் மணவுறவுக்குப் புறம்பே பிறந்ததாகிறது. அத்தகைய குழந்தை தந்தையின் குடியுரிமையைப் பெறாது, தாயினுடையதையே பெறும். தாயின் நாட்டிலும் உரிய காலத்தில் பதியாவிடில் அதற்கு ஊருமில்லை, பேருமில்லை. ஷரீஅத்தின்படி முழுமையான நஸபு உடைய பிள்ளை, ஒரு தாளின் குறையால் தந்தையற்றதாக எழுதப்படுவதைவிட வேதனை வேறென்ன இருக்கிறது? நஸபைக் காப்பது ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களுள் ஒன்றெனச் சொல்லும் நாம், இத்தாளை உலக விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

சிங்கப்பூரில் சிக்கல் மணத்திற்கு முன்பே தொடங்குகிறது. வேலை அனுமதிச் சீட்டில் அங்கு பணிபுரியும் இளைஞர், சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால், மனிதவள அமைச்சின் முன்னனுமதி பெற்றாக வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்து நாகூரில் நிகாஹ் செய்தாலும், வேலை அனுமதி முடிந்த பின்னர்ச் செய்தாலும் இவ்விதி தொடரும். மீறினால் அந்நாட்டிற்குள் நுழைவதே தடைப்படலாம். இதனை அறியாமல் நாள் குறித்து, பந்தலும் போட்டுவிட்டுத் தவிப்போர் உளர். 2015 ஜனவரி முதல், மணத்திற்கு முன்னரே நீண்டகால வருகை அனுமதிக்கான தகுதியை மதிப்பிட்டுக் கடிதம் தரும் முறை அங்கு இருக்கிறது. பெண் பார்ப்பதற்கு முன் அக்கடிதத்தைப் பார்ப்பது நல்லது என்போம்.

எதிர்த்திசையில், இந்தியரை மணந்து நாகூரில் வாழவரும் வெளிநாட்டவருக்கு இந்தியச் சட்டம் ஒப்புநோக்க இளகியதே. துணைவர் என்னும் தகுதியில் எக்ஸ் வகை நுழைவு விசா கிடைக்கும். 180 நாட்களுக்கு மேல் தங்குவோர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். 1946ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் முதல் நடப்பிலிருக்கிறது. பதிவு செய்யப்பெற்ற மணம் ஈராண்டு நிலைத்திருந்தால் ஓ.சி.ஐ. அட்டை கோரலாம், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளின் வழிவந்தோருக்கு அது இல்லை. ஏழாண்டு வதிந்தால் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் பழைய குடியுரிமையைத் துறந்தாக வேண்டும். ஓ.சி.ஐ. பற்றி நம்மவர் அறியாத இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும். மணவழியில் அதனைப் பெற்றவர், அம்மணம் முறிந்தாலோ, முறியாதிருக்கையில் மற்றொரு மணம் செய்தாலோ அட்டையை இழக்க நேரிடும். மேலும், அட்டையாளர் வீடு வாங்கலாம்; விளைநிலம் வாங்க இயலாது. காவிரிப்படுகையில் மருமகன் பெயரில் நாலு மா நன்செய் எழுதிவைக்க எண்ணும் மாமனார்கள் இதனைக் கருத்திற்கொள்க. வாரிசுரிமையாக வருவதற்குத் தடையில்லை.

வளைகுடா நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். அங்கு மணமக்கள் இருவரும் இந்தியரே, பிரிப்பது சம்பளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் நாலாயிரம் திர்ஹம், அல்லது மூவாயிரமும் இருப்பிடமும் இருந்தால்தான் குடும்பத்தை அழைக்கலாம். சவூதியில் 2017 ஜூலை முதல் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் கட்டணம் விதிக்கப்பட்டு, அது 2020இல் நானூறு ரியாலாக உயர்ந்தது. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனிமைக்குத் திரும்பியவர்கள் அதன்பின் பெருகினர்.

தொலைபேசியிலும் காணொளியிலும் நிகாஹ் செய்யலாமா என்னும் வினா இன்று மிகுதியாக எழுகிறது. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை 1990இல் நவீனத் தொடர்புக் கருவிகள் வழியான உடன்படிக்கைகளை ஏற்றபோது, சாட்சிகளின் தேவையைக் கருதி நிகாஹுக்கு மட்டும் விலக்களித்தது. வகீல் வைத்துச் செய்வதே ஐயமற்ற வழி. அதற்குச் சான்று மேலே சொன்ன அபிசீனிய நிகழ்ச்சி. ஆயின் மார்க்கத்தில் செல்லுவது விசாவுக்கும் செல்லும் என எண்ணற்க. ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த மணத்தை, அதன்பின் இருவரும் கூடி வாழ்ந்தாலன்றி அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் ஏற்பதில்லை. மணத்திற்கு வகீல் தேடியவர்கள் சிலர் மணவிலக்குக்குக் கைப்பேசியே போதும் என்றிருந்தனர். எழுத்தாலோ மின்வழியிலோ ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை 2019ஆம் ஆண்டின் சட்டம் செல்லாததாக்கித் தண்டனைக்குரியதும் ஆக்கியிருக்கிறது. அச்சட்டத்தின் தண்டனைப் பகுதி குறித்து நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கடல்கடந்து ஒரு வரிச் செய்தியில் ஒரு வாழ்வை முடிப்பது ஷரீஅத்தின் பண்பன்று என்பதில் வேறுபாடில்லை.

நிகாஹின்போது ஏற்கப்படும் நிபந்தனைகளே நிறைவேற்றத்தக்கவற்றுள் முதன்மையானவை என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி புகாரியில் உள்ளது. மனைவியை அவள் ஊரிலிருந்து வெளியேற்றுவதில்லை என்னும் நிபந்தனையை ஹனபலீ மத்ஹபு கட்டுப்படுத்தும் ஒன்றாகக் கொள்கிறது. ஏனைய மூன்றும் நிகாஹ் செல்லும், நிபந்தனை கட்டுப்படுத்தாது என்கின்றன. ஷாஃபியீகளான நமக்கு இதில் வழியில்லை என்று அமைந்துவிட வேண்டியதில்லை. அதே மத்ஹபைப் பின்பற்றும் மலாய் மக்கள், நிகாஹ் முடிந்ததும் மணமகன் 'தஃலீக்' மொழியும் முறையை வைத்திருக்கின்றனர். தொடர்ந்து நான்கு மாதம் மனைவியை விட்டு நீங்கினாலோ, ஜீவனாம்சம் தராவிட்டாலோ, அவள் நீதிமன்றத்தில் முறையிட்டு மெய்ப்பித்தால் ஒரு தலாக் நிகழும் என்பது அதன் சாரம். ஜாவாவின் மத்தராம் அரசில் பதினேழாம் நூற்றாண்டிலேயே, பணிநிமித்தம் தொலைவு செல்வோரின் மனைவியருக்காக இம்முறை தோன்றியதென்பர். வங்கதேச நிகாஹ் படிவத்தின் 18ஆம் கலம், தலாக் உரிமை மனைவிக்கு அளிக்கப்பட்டுள்ளதா எனக் கேட்கிறது. நம் மத்ஹபின்படி அவ்வாறு அளித்த உரிமையை உடனே பயன்படுத்தியாக வேண்டுமாதலின், தஃலீக் முறையே நமக்கு ஏற்றது. ஒரே கடலின் அக்கரையில் முந்நூறு ஆண்டுகளாக வழங்கும் பாதுகாப்பு, கணவரைக் கடலுக்கு அனுப்பியே வாழ்ந்த இக்கரையில் வழக்கமாகாதது ஏன்? நம் உலமாப் பெருமக்கள் இதனை ஆராய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டு மணமகன் மனைவியை எத்துணைக் காலத்திற்குள் அழைத்துக்கொள்வார், விசாச் செலவு யாருடையது, புதுப்பித்தலுக்கு மறுப்பின்றிக் கையெழுத்திடுவாரா, அவளுடைய கடவுச்சீட்டு அவள் கையிலேயே இருக்குமா என்பனவற்றையும் மஹரைப் பேசும் அவையிலேயே பேசி எழுதிக்கொள்வதில் நாணப்பட ஒன்றுமில்லை.

எழுதுவதில்தான் நம் குறை. பள்ளிவாசல் தப்தரில் பதிந்ததே போதும் என்னும் எண்ணம் இன்னும் நீங்கவில்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி, எல்லாச் சமயத்தாரின் மணமும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். வெளிநாட்டுத் தூதரகங்கள் கேட்பது அச்சான்றிதழையே. இதற்கு மாறாக, சில முகவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிந்தால்தான் விசா கிடைக்கும் என்று சொல்லிவிடுகின்றனர். அச்சட்டத்தின்கீழ்ப் பதிந்தவரின் சொத்து, ஃபராயிளு முறைப்படி அன்றி இந்திய வாரிசுரிமைச் சட்டப்படியே பிரிக்கப்படும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. முன்மணம் முறிந்தவராயின் காழியின் தலாக் சான்று வெறும் கருத்துரையே என்று சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியிருப்பதால், நீதிமன்ற ஆணையை முன்னரே பெற்றுவைப்பது நலம்.

பெயர்களின் எழுத்துக்கூட்டலும் சிறிய காரியமன்று. தப்தரில் மரைக்காயர், கடவுச்சீட்டில் மரைக்கார், மலேசிய அடையாள அட்டையில் மெரிக்கான் என ஒரே குடும்பம் மூன்றாகக் கிடக்கிறது. நம்மிடம் தந்தை பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்க, அங்கே 'பின்', 'பிந்தி' என விரிந்து நிற்கிறது. மணமகளின் பெயரோடு சேரும் பீவி, நாச்சியார், அம்மாள் என்பன ஓர் ஆவணத்தில் இருந்து மற்றொன்றில் இல்லாமற்போகின்றன. இருவர் ஒருவரே என மெய்ப்பிக்க உறுதிமொழிப் பத்திரங்கள் எழுதி மாதங்கள் கழிகின்றன. தப்தரில் கையெழுத்து வாங்குமுன் இருவர் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து, அவற்றின் எண்ணையும் அவற்றில் உள்ளபடியே பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவதற்கு ஒரு கலம் கூடுதலாக அச்சிட்டால் போதும். அதற்காகும் செலவு, ஒரு நிகாஹுக்கு வாங்கும் சீனிப்பொட்டலத்தின் விலைகூட ஆகாது.